ஜமுனாவின் உப்பில்லாத சமையல்

ஜமுனா இறந்துவிட்ட செய்தி, 'இஸ்திரி ரூம்' என்று நாம் பெயர் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஹசீனா போட்டிருந்தாள். ஒரே ஒரு வரி. அதற்கு மேலே, போன பொங்கலுக்கு யாரோ அனுப்பிய கரும்புப் படம் அப்படியே இருந்தது. அதற்கும் இதற்கும் நடுவில் நாம் யாரும் அங்கே எதுவும் பேசிக்கொள்ளவில்லை. நான் தி. நகரில், மெய்ப்புத் திருத்துநராக வேலை பார்க்கும் பதிப்பகத்தில் இருந்தேன். மதியம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கைப்பேசியைப் பார்த்தேன். படித்துவிட்டு டப்பாவை மூடி வைத்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். கூடப் படித்தவள் என்று சொன்னேன். அவர் "அடடா" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் தன் டப்பாவைத் திறந்தார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கு ஜமுனாவைத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். விடுதியில் நம் மாடியில் இருந்தவர்கள் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளைத் தெரியாதவர்கள் கைக்கும் இது போகக்கூடும் என்பதால், நமக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். செத்தவர்களையெல்லாம் தேவதையாக்கிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. ஜமுனா தேவதை இல்லை. வாய் நீளம். அடுத்தவர் சோப்பைக் கேட்காமல் எடுப்பாள். கேட்டால், "சோப்பு தேயத்தான் மச்சி கீது" என்பாள். இதையும் சொல்லிவிட்டால்தான் மேற்கொண்டு எழுத எனக்கு மனம் வருகிறது.

மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவில் இருந்த நம் கல்லூரி விடுதியில் நாமெல்லாம் வெளியூர்க்காரிகள். நான் அறந்தாங்கி. ஹசீனா வாணியம்பாடி. ஜமுனா மட்டும் சென்னை. அடையாறு ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். கரையிலிருந்த வீடுகளை எடுத்தபோது அவள் குடும்பத்தைப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறிக் கல்லூரிக்கு வந்து சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். அதனால் பிறந்த ஊரிலேயே விடுதியில் தங்கிப் படித்தாள். "நீங்கோ ஊர்லேர்ந்து வந்துட்டு வீட்ல கீற மாரி கீறீங்க. நான் மெட்ராஸ்காரி, ஹாஸ்டல்ல கீறேன். இன்னா நியாயம் இது?" என்று முதல் வாரமே எல்லாரையும் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் கடற்கரைக்குப் போகும்போது அவள் அடையாறு பாலத்துக்குத் தனியாகப் போய், தன் வீடு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு. ராயப்பேட்டையில் அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு கூடாது, ஊறுகாய் கூடாது, பருப்பு அளவாகத்தான், வாழைப்பழம் கிட்டேயே வரக்கூடாது. விடுதி மெஸ்ஸில் போடும் சாம்பாரையும் அப்பளத்தையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் படிப்பு முடிவதற்குள் டயாலிசிஸில் படுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "மிஷின்ல படுக்கறதுக்கு முன்னால டிகிரிய வாங்கிடணும். அவ்ளோதான் மச்சி என் கணக்கு" என்பாள். அந்தப் பட்டத்துக்காக அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு குட்டி மின்சாரக் குக்கரும், அதைச் செருக ஓர் இடமும்.

வார்டன் அதற்கு இடம் கொடுத்தார். மாடியில் துணி தேய்க்கும் அறையில்தான் பெரிய பிளக் இருந்தது. அங்கே சமைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜமுனா மட்டும், ஜமுனாவுக்கு மட்டும். "இன்னொருத்தி ஒரு வாய் சாப்பிட்டான்னு தெரிஞ்சாலும் குக்கரை எடுத்துண்டு போயிடுவேன். அப்புறம் ஆளாளுக்கு அடுப்பைக் கொண்டு வருவேள்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெஸ்ஸுக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. மெஸ் தட்டு மாடிக்கு வரக்கூடாது. ஆகவே அவள் சாப்பாடு தேய்ப்பு மேசைக்கடியில், தரையில், தனியாக.

குக்கர் ஓடும்போது யாராவது இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் மாடி முழுக்க விளக்கு போய்விடும். உங்களுக்கு நினைவிருக்கும், செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் அப்படி ஆயிற்று. எல்லாரும் கத்தினோம். ஒருத்தி அவளைச் 'சமையக்காரி' என்றாள். ஜமுனா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத ஜமுனாவை அன்றுதான் பார்த்தேன். மறுநாளிலிருந்து நாம் டீ குடிக்கக் கீழே இறங்கும் சாயங்காலம் ஆறு மணிக்கே சமைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுவாள். நாம் மேலே வரும்போது பூண்டு வாசனை மட்டும் இருக்கும்.

அந்த நாட்களில் எனக்கும் யாரும் இல்லை. தனியாகச் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று மெஸ் மூடும் நேரம் பார்த்துப் போவேன். ஒருநாள் டீக்கும் போகாமல் ஒரு துப்பட்டாவைத் தேய்க்க மாடி அறைக்குப் போனேன். ஜமுனா அப்போதுதான் குக்கரைப் பிடுங்கிவிட்டு, மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் பேசாமல் தேய்த்து முடித்தேன்.

"இன்னும் துணி கீதா?" என்றாள்.

"இல்ல, அவ்வளவுதான்."

"அத்தையே இன்னொரு தபா போடு. நான் துன்னு முடிக்கற வரிக்கும் நில்லு. தனியா எறங்க மாட்டேங்குது."

தேய்த்த துப்பட்டாவையே மறுபடி தேய்த்தேன். அவள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். நான் துணியைப் பார்த்தே தேய்த்தேன். அறந்தாங்கியில் மழை பெய்யுமா என்று கேட்டாள். பெய்யும் என்றேன். அன்று நாங்கள் பேசியது அதுதான். ஆனால் மெஸ்ஸில் இறங்கி நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. குக்கர் நிற்கும் நேரம் பார்த்து ஒவ்வொருத்தியாகத் துணியோடு வர ஆரம்பித்தோம். கைக்குட்டை, துண்டு, போர்வை வரைக்கும் தேய்த்தோம். தலையணை உறைக்கு மடிப்பு வைத்த ஒரே மாடி நம்முடையதாகத்தான் இருக்கும். அவளைச் சமையக்காரி என்று திட்டியவளும் ஒருநாள் ஒரு பாவாடையோடு வந்து நின்றாள். "வாம்மா, க்யூல நில்லு" என்றாள் ஜமுனா.

அவள் சமையல் ரொம்ப எளிது. சுரைக்காயோ, முட்டைக்கோஸோ, முள்ளங்கியோ, மாடவீதியில் வாங்கி வருவாள். சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை இறுத்துக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிடுவாள். காயிலிருக்கும் பொட்டாசியம் அவள் சிறுநீரகத்துக்கு ஆகாது. கொதிக்கும்போது அதில் பாதிக்கு மேல் தண்ணீரில் இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். பிறகு அதே பாத்திரத்தில் கழுவிய அரிசி, வெந்த காய், மிளகு, சீரகம், நசுக்கிய பூண்டு, கறிவேப்பிலை, ஒரு கரண்டி எண்ணெய். மூடிவிட்டால், நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் சாப்பாடு. உப்பு இல்லாததை நாக்கு கண்டுபிடிக்கும் முன்னால் பூண்டை முந்திக்கொள்ளச் செய்ய வேண்டும் என்பது அவள் கட்சி. "நாக்குக்குப் பொய் சொல்லணும்னா பூண்டு போடு" என்பாள்.

இந்த இறுத்த தண்ணீரில்தான் ஹசீனா மாட்டிக்கொண்டாள். அவள் உணவியல் முதலாமாண்டு. அவ்வளவு சத்தும் தொட்டியில் போவதைப் பார்த்துத் தினமும் புலம்புவாள். ஒருநாள் ஜமுனா தட்டு எடுத்துவரப் போன நேரத்தில், கொட்டுவதற்காக வைத்திருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி, மிளகு தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஆற்றி வைத்திருந்தாள். ஜமுனா வந்ததும் ஆசையோடு நீட்டினாள்.

"குடி. வெஜிடபிள் சூப். உப்பே போடல. உனக்காகவே பண்ணேன்."

ஜமுனா வாங்கி வாய் வரைக்கும் கொண்டுபோனாள். அப்புறம் நிறுத்தினாள். "எங்கேர்ந்து வந்துச்சு இது?"

"நீ கொட்றதுக்கு வெச்சிருந்தியே, அதுதான்."

ஜமுனா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எது எறங்கணும்னு நான் கொதிக்க வெக்கறனோ, அத்த புடிச்சு டம்ளர்ல ஊத்தி எனக்கே குடுக்கறா பாரு. படிச்சுட்டு என்னைக் கொல்லப் பாக்கறா மச்சி."

ஹசீனாவுக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். ஜமுனா சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டம்ளரை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"அழுவாத. எனக்குத்தான் ஆவாது. உனக்கு நல்லதுதான். கொஞ்சம் உப்பு போட்டுக் குடி. நான் துன்றேன், நீ குடி. ஒரே சட்டில வெந்தது."

அன்று முதல் அந்தத் தண்ணீர் தொட்டிக்குப் போகவில்லை. அவள் தட்டில் காய், நம் கையில் சூப். முட்டை வேகவைத்தால் அவளுக்கு வெள்ளை, மஞ்சள் நமக்கு. அவளுக்கு ஆகாததெல்லாம் நமக்கு ஆயிற்று. அவள் சாப்பாட்டில் யாரும் ஒரு வாய் எடுக்கவில்லை என்று கோயிலில்கூடச் சத்தியம் செய்திருப்போம். ஆனால் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அந்த மாலைகளைப்போல நான் அதற்குப் பிறகு எங்கும் சாப்பிட்டதில்லை.

பிறகு வார்டன் வந்தார். நாம் அவ்வளவு பேரும் டம்ளரோடு நின்றிருந்தோம். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் பிளக்கில் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ணிண்டிருக்கேள் எல்லாரும்?"

"அயர்ன் பண்றோம் மேடம்" என்று பின்னாலிருந்து நம்மில் யாரோ ஒருத்தி சொன்னாள். குக்கர் போயிற்று என்று நினைத்தேன். குக்கர் போனால் ஜமுனா பெரும்பாக்கம் போய்விடுவாள். அங்கிருந்து வந்து போய்ப் படிக்க அவள் உடம்பு தாங்காது. அது அந்த அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். ஜமுனா தட்டோடு எழுந்து நின்றாள்.

"மேடம், என் சோத்த யாரும் தொடல. இது கீழ ஊத்தற தண்ணி. நான் குடிச்சா எனக்கு ஆவாது. தொட்டிக்கு ஊத்தறதுக்கு பதிலா இவுங்களுக்கு ஊத்தறேன். எடுக்கணும்னா எடுத்துக்கோங்க மேடம். ஆனா திரும்பியும் தனியா ஒக்காந்து துன்னுன்னு மட்டும் சொல்லாதீங்க."

வார்டன் கிட்டே வந்தார். என் கையிலிருந்த டம்ளரை வாங்கி முகர்ந்தார். "மிளகு ஜாஸ்தி" என்றார். டம்ளரை என்னிடமே கொடுத்தார். "கொட்டற ஜலத்துக்கு ரூல் கிடையாது. டம்ளரையெல்லாம் அலம்பி மெஸ்ஸுல வெச்சுடணும்." அவ்வளவு சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

ஜமுனா பட்டம் வாங்கினாள். மிஷினில் படுப்பதற்கு முன்னாலேயே வாங்கினாள். அவள் கணக்கு தப்பவில்லை. அடுத்த வருடம் டயாலிசிஸ் ஆரம்பித்தது. பெரும்பாக்கத்திலிருந்து ராயப்பேட்டைக்குப் போய் வருவதும், வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்வதுமாக அவள் நாட்கள் போயின. நாம் ஆளுக்கொரு திசையில் போனோம். கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். பிறகு கல்யாணங்களும் தீர்ந்தன.

நான் தி. நகரில் ஒற்றை அறை ஒன்றில் இருக்கிறேன். ஜன்னலுக்குக் கீழே ஊரே கடைக்கு வந்து போகும் தெரு. என் அறைக்கு வர ஆளில்லை. வேலை முடிந்து மாடியேறினால் அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றாது. ஒருவருக்கு என்ன சமையல் என்று பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஜமுனா தினமும் எட்டு மணிக்குக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"நானும் இல்ல. தட்டு வெச்சினு ஒக்காந்து கீறேன், எறங்க மாட்டேங்குது. போன வெச்சுடாத. நீயும் ஒரு தட்டு போட்டுனு வா."

முகம் வீங்கியிருக்கிறது, வீடியோ வேண்டாம் என்பாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் குக்கர் வைப்பேன். அங்கிருந்தே வேலை வாங்குவாள். "பீர்க்கங்கா கீதா? தோல சீவு. பாசிப்பருப்பு ஒரு கை போடு, உனக்கு ஆவும். அரிசிய கீழ வெச்சு காய மேல வை, ஒரே விசில் கணக்கு." நான் சாப்பிட உட்காரும்போது அவள் பக்கத்தில் ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்கும். "இன்னா துன்ற?" என்று கேட்டால், "சொரக்கா கூட்டு, முட்டை வெள்ளை" என்று விவரமாகச் சொல்வாள். பல நாள் எனக்குக் களைப்பாக இருக்கும். பாவம், அவள் சாப்பிட வேண்டுமே என்று எழுந்து உலை வைப்பேன். உடம்பு முடியாத தோழிக்கு என்னால் முடிந்த ஒரே உதவி இது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் இறந்த அன்று பெரும்பாக்கம் போனேன். கூட்டத்தில் அவள் அம்மாவோடு பேச முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். அம்மா தனியாக இருந்தார். என் குரலைக் கேட்டதும், "நீதான் அந்த எட்டு மணி பொண்ணா?" என்றார். உட்காரவைத்துச் சோறு போட்டார். என்ன சொல்லி ஆறுதல் படுத்துவது என்று தெரியாமல், "அவ தினமும் எட்டு மணிக்குச் சாப்பிடும்போது நான் போன்ல கூடவே இருந்தேம்மா. தனியா சாப்பிடல" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எட்டு மணிக்கா? அவ ஆறரைக்கே துன்னுருவாளே மா. மாத்திர போட்டுக்கணும்ல. என் கூடதான் துன்னுவா."

எனக்குப் புரியவில்லை.

"எட்டு மணிக்கு வெறும் தட்டும் ஸ்பூனும் வெச்சினு ஒக்காருவா. இன்னாடி கூத்து இதுன்னு கேப்பேன். 'அந்தப் பொண்ணு அங்க ஒண்டியா கீது மா. நான் துன்றேன்னு சொன்னாதான் அது அடுப்பு பத்த வெக்கும்'பா. மிஷின்லேர்ந்து வந்து கண்ணு சொருகினு கீற அன்னிக்குக் கூட, அந்தத் தட்ட எடும்மான்னுவா."

அந்தச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடலாம் என்றிருந்தது. ஆனால் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதும் சாப்பிட்டேன். கிளம்பும்போது, நினைவுக்கு அவள் பொருள் எதையாவது எடுத்துக்கொள் என்றார். நான் எதுவும் எடுக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அடையாறு வரைக்கும் அழுதேன். எனக்கு இந்த ஊரில் யாரும் இல்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய். இருந்தாள். இப்போதுதான் இல்லை.

நான் அவளிடமிருந்து என்ன வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், போன வாரம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஹசீனா பெங்களூரில் தனியாக இருக்கிறாள். நோயாளிகளுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று எழுதிக்கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. எட்டு மணிக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். "பசிக்கல டி. ரெண்டு பிஸ்கட் சாப்ட்டேன், போதும்" என்றாள். நான் அன்று அலுவலகத்திலிருந்து வரும்போதே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நான் இப்பதான் சாப்பிட உக்கார்றேன். எனக்கும் எறங்கல. நீயும் எதையாவது வெச்சுட்டு வா. போன வெச்சுடாத" என்றேன்.

கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள். அப்புறம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் அரிசி களைந்து குக்கரில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிற வரைக்கும், நான் ஸ்பூனால் வெறும் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன்.